ஐந்து தப்படி தெற்கே

மார்ச் 27

நீர்க்குத்திச் சோலைக்கு மூன்றாவது வருஷமாக வந்து சேர்ந்தாயிற்று. தங்குவதற்கு வனத்துறையின் பழைய நாற்றங்கால் கொட்டகைதான் மறுபடியும். போன வருஷம் கூரையில் ஒரு ஓட்டை இருந்தது, இப்போது இரண்டு. என் ஆராய்ச்சியைவிட ஓட்டை வேகமாக முன்னேறுகிறது.

பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நீட்டிப்பு இது. முட்டை இட்டதிலிருந்து குஞ்சு வெளியேறும்வரை இருபது கூடுகளின் கதை எனக்கு வேண்டும். முதல் வருஷம் புயல், போன வருஷம் எனக்கு டைபாய்டு. வரும் வழியில் ரோடு வளைவில் நின்றபோது அம்மா சாயர்புரத்திலிருந்து போன் செய்தாள். "ஏட்டி யூனிஸ், படிப்பு முடிஞ்சிட்டா இல்லியா? ஒனக்கு முப்பத்தேழு ஆவுது." சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

சாயங்காலம் ஓடைக்கரையில் சோலைக்குருவியின் பாட்டு கேட்டது. சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரியது, சாம்பல் கலந்த நீலம், வெள்ளை வயிறு, நீளமான கால்கள். மலையுச்சி மடிப்புகளில் இருக்கும் இந்த ஈரக்காடுகளை விட்டால் அதற்கு வேறு போக்கிடம் இல்லை. நாள் முழுக்க மரத்தடி இருட்டில் சருகைப் புரட்டிப் புழு தின்னும். வெளிச்சம் மங்கும் நேரத்தில் தாழ்ந்த கிளையில் ஏறி உட்கார்ந்து பாடும். அதைக் கேட்டதும் கூரை ஓட்டை மறந்துபோயிற்று என்று எழுத ஆசைதான். மறக்கவில்லை.

மார்ச் 30

மொக்கச்சாமி வந்துவிட்டார். வேட்டைத் தடுப்புக் காவலர், வனத்துறை எனக்குத் துணைக்கு அனுப்பும் ஆள். ஊர் சோலைக்குக் கீழே இருக்கும் கடுக்காய்ப்பள்ளம். ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசுவார், அதில் பத்து காலில் ஏறும் அட்டையைத் திட்டுவதற்கு.

இந்தக் குருவி மண்சரிவிலும் வேர் இடுக்கிலும் இடுப்பு உயரத்துக்குள் பொந்து பார்த்துக் கூடு கட்டும். நான் பொந்து பொந்தாக டார்ச் அடிப்பேன். அவர் அலகில் பாசியோடு பறக்கும் பறவையைப் பார்த்துவிட்டு ஒரு பீடி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். கூடு கிடைப்பது அவருக்குத்தான்.

ஏப்ரல் 3

கூடு 1. ஓடைக்கு மேலே மண்சரிவில். பச்சைப் பாசியால் ஒரு கிண்ணம், உள்ளே மெல்லிய நார்.

வழக்கம்போல் கூட்டிலிருந்து வடக்கே ஐந்து தப்படி நடந்து, கண் உயரக் கிளையில் சிவப்பு ரிப்பன் கட்டி எண் எழுதினேன். எந்தக் கூடானாலும் வடக்கு, எப்போதும் ஐந்து. கூட்டின் மேலேயே கட்டினால் பறவை மிரளும். ஒவ்வொன்றுக்கும் ஒரு திசை என்றால் அடுத்த முறை நாமே திண்டாடுவோம். ரிப்பனைக் கண்டதும் ஐந்து தப்படி தெற்கே போனால் கூடு. முன்பெல்லாம் மங்கலான காக்கி நாடா கட்டுவோம், பனியில் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. இந்த வருஷம்தான் பளிச்சென்று சிவப்பு வாங்கினேன்.

மொக்கச்சாமி தள்ளி நின்று பார்த்துவிட்டு, "புள்ள வரம் கேட்டுக் கோயில் மரத்துல கட்டுன மாதிரி இருக்கு மேடம்" என்றார். அன்றைய இருபது வார்த்தையில் இது உருப்படியானது.

ஏப்ரல் 6

மழை. ஒன்பது அட்டை. கூடு 2, கூடு 3.

ஏப்ரல் 11

ஆணும் பெண்ணும் ஒரே நிறம். காலில் நாங்கள் மாட்டிய வண்ண வளையங்களை வைத்துத்தான் யார் எவர் என்று தெரியும். கூடு 4-இன் பெண்ணுக்கு மஞ்சளும் வெள்ளையும். போன வருஷமும் அதே இருபது முப்பது கஜத்துக்குள்தான் இருந்தாள். இந்தக் குருவிகள் வீடு மாற்றுவதில்லை.

இரண்டு முட்டை. அடைகாப்பது அவள் மட்டும். சுமார் இருபது நிமிஷம் உட்காருவாள், பத்து நிமிஷம் இரை தேடப் போவாள், மறுபடி வருவாள். பதினாறு பதினேழு நாள் இப்படியே. வீட்டுக்காரர் பக்கத்துக் கிளையில் பாடிக்கொண்டிருப்பார். யாராவது வந்தால் மெலிதாக ஒரு விசில் கொடுப்பார். அவ்வளவுதான் அவர் உத்தியோகம்.

ஆராய்ச்சியில் பறவைக்கு அவள் இவள் போடக்கூடாது. நோட்டில்தானே, இருக்கட்டும்.

ஏப்ரல் 16

வெள்ளத்தாய் அக்காவைப் பார்த்தேன். செவ்வாயும் சனியும் சோலைக்குள் காய்ந்த விறகு பொறுக்க வனக்குழு அவளுக்கு அனுமதிச் சீட்டு கொடுத்திருக்கிறது. புருஷன் சடையாண்டி மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து மூன்று வருஷமாக வீட்டோடு இருக்கிறார். விறகுதான் அடுப்புக்கும், டீக்கடையில் போட்டு அரிசிக்கும்.

சும்மாட்டைச் சரிசெய்துகொண்டே, "என்ன குருவியம்மா, ஒங்க குருவி இன்னைக்கு எத்தன தடவ வெளிய போச்சு?" என்றாள்.

"பதினோரு தடவ."

"அதையும் எழுதிட்டீகளா?"

"எழுதிட்டேன்."

"என்னைய எழுத ஒரு ஆளு இருந்தா அவரு கையி ஒடிஞ்சு போகும்" என்று சிரித்தாள். மடியிலிருந்து ஒரு கைப்பிடி பீன்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். இந்த மலையில் எனக்குப் பிடித்த ஒரே மனுஷி.

ஏப்ரல் 21

கூடு 1 போய்விட்டது. பாசிக் கிண்ணம் முழுசாக வெளியே இழுக்கப்பட்டுச் சரிவின் கீழே கவிழ்ந்து கிடந்தது. முட்டை இல்லை, ஓடும் இல்லை. பாம்பு கூட்டைக் கலைக்காது. எலியானால் ஓட்டுத்துண்டு கிடக்கும். இது கைபோட்டு எடுத்தது போல் இருக்கிறது.

ஏப்ரல் 24

கூடு 3, கூடு 4. இரண்டும் அதே விதம். கூடு 4-இல் இழுத்துப் போட்ட கிண்ணத்தைக்கூடக் காணோம்.

மஞ்சள்-வெள்ளை வந்தாள். பொந்தின் வாயில் நின்றாள், உள்ளே போனாள், வெளியே வந்தாள், மறுபடி உள்ளே போனாள். நாற்பது நிமிஷத்தில் ஒன்பது தடவை.

கூடுகளை நான் பார்ப்பது புதனும் ஞாயிறும். ஞாயிறு ஒன்று போயிருந்தது, புதன் இரண்டு. அதாவது சனி, செவ்வாய். அந்த நாட்களில் சோலைக்குள் வருவது யார் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஏப்ரல் 27

இன்று மொக்கச்சாமியோடு வெள்ளத்தாய்க்காகக் காத்திருந்தேன். விறகுக் கட்டோடு ஒரு சாக்கும் வைத்திருந்தாள். சாக்கைத் திறக்கச் சொன்னேன். உள்ளே முழுக்கப் பாசி.

"டவுனு பூந்தொட்டிக் கடையில கேக்குறாகம்மா. விழுந்து கெடக்குற மரத்துல உரிச்சது. எடுக்கக் கூடாதுதான், தப்புத்தான்."

கையை விட்டுக் கிளறினேன். பாசிக்கு நடுவே நார் வைத்த கிண்ணம் ஒன்று கையில் தட்டுப்பட்டது. கூடு 4.

"இது?"

"செவ்வாக்கெழம கீழ கவுந்து கெடந்துச்சு. பொறக்கிப் போட்டேன்."

"முட்டை?"

"அய்ய, முட்டைய நான் என்னத்துக்கு எடுக்குறேன் தாயி? கூட்டுல இருக்குறது இத்தினியூண்டு பாசி. ஒரு சாக்கு ரொப்பணும்னா நான் எத்தன கூட்டப் பிய்க்கணும்?"

திருடுகிறவர்களுக்குப் பதில் தயாராகத்தான் இருக்கும். பீன்ஸ் கொடுத்து என்னை மயக்கப் பார்த்தாள் என்று நினைத்தபோது முகமெல்லாம் சூடாகிவிட்டது. சாக்கைப் பிடுங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 29

நேற்று மேலும் இரண்டு கூடு காலி. ரேஞ்சருக்குப் புகார் எழுதினேன். ஒன்றரைப் பக்கம், தேதி வாரியாக. சாட்சியாக மொக்கச்சாமி கையெழுத்து வேண்டும். வெள்ளத்தாய் அவருக்கு மதினி முறை. பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மதினி எடுத்ததை நான் பாக்கலயே மேடம்."

"சாக்குல கூடு இருந்ததைப் பார்த்தீங்களா இல்லையா?"

"பாத்தேன்."

"அதுக்குத்தான் கையெழுத்து."

போட்டார். மத்தியானம் அவளே கொட்டகைக்கு ஏறி வந்தாள். மூச்சு வாங்கியது. "குருவியம்மா, ஒரு நிமிசம் நான் சொல்றதக் கேளுங்க. அந்தக் காக்கா இருக்குல்ல..." என்று ஆரம்பித்தாள். இனி காக்காய், நரி என்று கதை வரும். எதுவானாலும் ரேஞ்சரிடம் சொல்லிக்கொள் என்று கதவைச் சாத்திவிட்டேன்.

மே 1

சீட்டு ரத்து. வனக்குழுவில் எல்லார் முன்னாலும் படித்து, கடுக்காய்ப்பள்ளம் டீக்கடைச் சுவரில் ஒட்டிவிட்டார்களாம். மொக்கச்சாமி சொன்னார். கூடவே வேறு ஏதோ சொல்ல வந்தார், சொல்லவில்லை.

மே 5

கூட்டை இழந்த குருவி ஊரைவிட்டுப் போகாது. இரண்டு வாரத்துக்குள் பக்கத்திலேயே இன்னொரு பொந்து பார்க்கும். மஞ்சள்-வெள்ளை, சாய்ந்த மரத்தின் வேர்மூட்டில் புதிதாகக் கட்டியிருக்கிறாள். முதல் முட்டை நேற்று. மற்ற ஜோடிகளும் கட்டத் தொடங்கிவிட்டன. மொத்தம் ஒன்பது கூடு, ஒன்பது ரிப்பன். வெகுநாளைக்கப்புறம் சோறு ருசித்தது. நான் செய்தது சரிதான்.

மே 8

இரண்டு போய்விட்டன. அதே விதம்.

அவள் சோலைக்குள் வருவதில்லை என்று மொக்கச்சாமி அடித்துச் சொல்கிறார். அப்படியென்றால் யாரையோ அனுப்புகிறாள். பழிவாங்குகிறாள். கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை. கூடு 12-க்கு எதிரே பெரணிப் புதருக்குள் மறைவிடம் கட்டச் சொன்னேன்.

மே 12

விடியற்காலையிலிருந்து மறைவிடத்தில் உட்கார்ந்திருந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

8.10-க்கு ஒரு அண்டங்காக்கை வந்து ரிப்பன் கட்டிய கிளையில் உட்கார்ந்தது. ரிப்பனை அலகால் ஒருதரம் இழுத்துப் பார்த்தது. பிறகு தரையில் இறங்கி நடந்தது. இங்கும் அங்கும் தேடவில்லை. நேராகத் தெற்கே நடந்தது. சரிவுக்கு வந்ததும் நின்று, தலையைச் சாய்த்துப் பொந்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தது. மூன்றாவதில் குருவி வெளியே பாய்ந்தது. காக்கை கழுத்தை உள்ளே விட்டுக் கூட்டை அப்படியே இழுத்துக் கீழே போட்டது. முட்டையை அலகில் கவ்விக்கொண்டு பறந்தது. நாலு நிமிஷத்தில் வந்து மற்றதையும் எடுத்துப் போயிற்று.

ஓடு ஏன் கிடப்பதில்லை என்று இப்போது தெரிகிறது.

நான் கத்தியிருக்கலாம், கல்லெறிந்திருக்கலாம். பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு நேரம் குறித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஒருதரம் பார்த்தது சான்று ஆகாது. தற்செயலாகவும் இருக்கலாம். இதை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

மே 13

மொக்கச்சாமியிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"மதினி அன்னைக்கு அதைத்தான் சொல்ல வந்துச்சு மேடம். செவப்பு நாடா இருக்குற எடமாப் பாத்துக் காக்கா போகுதுன்னு. எங்கிட்டயும் சொன்னுச்சு."

"அப்பவே நீங்க ஏன் சொல்லல?"

"நீங்க கேக்குற நெலமையில இல்ல."

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. நியாயம் இல்லாத கோபம் என்று தெரிந்தும் வந்தது.

"வாங்க, இன்னைக்கே ரேஞ்சரைப் பாத்துச் சொல்லிட்டு வருவோம்" என்றார். அரைகுறையாகச் சொன்னால் ரேஞ்சர் சிரிப்பார், முதலில் சோதித்து உறுதி செய்ய வேண்டும் என்று விளக்கினேன். மிச்சம் இருப்பவை ஆறு கூடு. மூன்றில் ரிப்பனை அவிழ்ப்பது, மூன்றில் அப்படியே விடுவது. கூடே இல்லாத இடங்களில் ஆறு வெற்று ரிப்பன் கட்டுவது. பதினாலு நாள் கணக்கு, 27-ஆம் தேதி முடிவு தெரியும். எந்த மூன்று என்று சீட்டுக் குலுக்கிப் போட்டேன். மஞ்சள்-வெள்ளையின் கூட்டுக்கு ரிப்பன் அவிழ்ப்பு விழுந்தது. சந்தோஷப்பட்டேன், அதையும் எழுதி வைக்கிறேன்.

"மத்த மூணும் தெரிஞ்சே விடுறதா?" என்றார் மொக்கச்சாமி.

"சோதனைன்னா அப்படித்தான்."

"அதுவரைக்கும் மதினி?"

பதினாலு நாள்தானே என்றேன்.

மே 15

பனி. ஒன்றும் தெரியவில்லை. எல்லாக் கூடும் பத்திரம்.

மே 18

வெற்று ரிப்பன் இரண்டில் காக்கையைப் பார்த்தேன். உட்கார்ந்தது, இறங்கியது, தெற்கே நடந்தது. அங்கே ஒன்றும் இல்லை என்பதை அதனால் நம்ப முடியவில்லை. கல்லையெல்லாம் புரட்டியது. நான் சொல்லிக்கொடுத்த பாடத்தை என்னைவிட ஒழுங்காகப் படித்திருக்கிறது.

ரிப்பன் உள்ள கூடுகளில் ஒன்று போயிற்று. குஞ்சு பொரித்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

இன்னும் ஒன்பது நாள்.

மே 21

ரேஷன் வாங்கக் கடுக்காய்ப்பள்ளம் போனோம். வழியில் வெள்ளத்தாய் எதிரே வந்தாள். கையில் வெறும் கயிறும் அரிவாளும். என்னைப் பார்த்ததும் பாதையை விட்டு இறங்கி வழிவிட்டு நின்றாள். தலையைக் குனிந்துகொண்டாள். நான் பேசவில்லை. என்ன பேசுவது? பாதி முடிந்த சோதனையைப் பற்றியா?

அவள் போனபின் மொக்கச்சாமி சொன்னார். "பள்ளத்துக்கு அங்கிட்டு வாட்டில் மரக்காட்டுக்குப் போகுது. அங்க சீட்டு யாரும் கேக்க மாட்டாக. காட்டுமாடு கன்னுக்குட்டியோட நிக்கிற எடம். வேண்டாம்னேன். அடுப்பு எரியணும்லங்குது."

வந்ததும் ரேஞ்சருக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'முதல்கட்ட அவதானிப்பின்படி' என்று தொடங்கினேன். எனக்கே பிடிக்கவில்லை. 27-ஆம் தேதி முழுசாக எழுதிக்கொள்ளலாம்.

மே 22

மஞ்சள்-வெள்ளைக்கு இரண்டு குஞ்சு. மயிர் இல்லாமல், கண் திறக்காமல், கழுத்து மட்டும் நீண்டு. முட்டை ஓட்டை அவள் அலகில் எடுத்துத் தூரமாகக் கொண்டுபோய்ப் போட்டாள்.

மே 23

வெள்ளத்தாயைக் காட்டுமாடு குத்திவிட்டது.

மே 24

நேற்று எழுத முடியவில்லை.

காலையில் பனிக்குள் விறகு பொறுக்கியிருக்கிறாள். கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் போய்விட்டாள் போலிருக்கிறது. மத்தியானமாகியும் வரவில்லை என்று சடையாண்டி அக்கம்பக்கத்தில் சொல்லி அழுதபிறகுதான் தேடப் போனார்கள். மொக்கச்சாமிதான் முதலில் கண்டார். உயிர் இருந்திருக்கிறது. நாலு பேர் போர்வையில் போட்டு ரோடுவரை தூக்கி வந்தார்கள். ஜீப் வரும்முன் போய்விட்டது. தண்ணீர் கேட்டாளாம்.

வனத்துறை எழுதிய குறிப்பை மொக்கச்சாமி பார்த்திருக்கிறார். 'அனுமதி ரத்து செய்யப்பட்டவர். ஏற்கெனவே சோலையில் பறவை முட்டை திருடியதாகப் புகார் உள்ளது. சட்டவிரோதமாகக் காட்டுக்குள் நுழைந்தபோது மரணம்.'

அது என்னுடைய ஒன்றரைப் பக்கம்தான். நான் எழுதியதில் இந்த மூன்று வருஷத்தில் வேலைக்கு ஆனது அது ஒன்றுதான்.

மே 25

அடக்கத்துக்குப் போகவில்லை. மொக்கச்சாமி கூப்பிடவும் இல்லை.

மே 27

முடிவு. ரிப்பன் உள்ள கூடு மூன்றும் காலி. ரிப்பன் இல்லாத மூன்றும் பத்திரம். ஆறு வெற்று ரிப்பனில் ஐந்தைக் காக்கை தேடியிருக்கிறது. இனி சந்தேகம் இல்லை.

அட்டவணையைச் சுத்தமாக எழுதி முடித்தேன். மொக்கச்சாமி வாசலில் நின்றுகொண்டிருந்தார். முடிவைச் சொன்னேன். "சரிங்க மேடம்" என்றார். பிறகு எல்லா ரிப்பனையும் அவிழ்த்துக்கொண்டு வந்து அடுப்பில் போட்டார். நான் கேட்காமலேயே செய்தார், நான் தடுக்கவில்லை.

மே 29

ரோடு வளைவுக்கு ஏறிப்போய்ப் பேராசிரியருக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டார்.

"யூனிஸ், இதை எழுதினா என்ன ஆகும் தெரியுமில்லையா? இந்த வருஷக் கூடு ஒண்ணுகூடக் கணக்குல வராது. நீங்களே காட்டிக்கொடுத்த கூடு அது. ஆய்வேடு அவ்வளவுதான்."

"தெரியும் சார்."

"வேட்டையாடிகளால் இழப்புன்னு பொதுவா ஒரு வரி போட்டுட்டுப் போயிடலாம். காக்காயும் வேட்டையாடிதானே. பொய் இல்லையே அது."

யோசிக்கிறேன் என்றேன். உண்மையிலேயே யோசித்தேன். இறங்கி வரும் வழியெல்லாம் அந்த ஒரு வரியை மனசுக்குள் அழகாக எழுதிப் பார்த்தேன். அவ்வளவு கேவலமானவள் நான்.

மே 31

எழுதிக் கொடுத்துவிட்டேன். புகார் தவறு, கூடுகளை அழித்தது அண்டங்காக்கை, அதற்கு வழிகாட்டியது என் ரிப்பன், வெள்ளத்தாய் ஒரு முட்டையையும் தொடவில்லை. ஒரு நகல் ரேஞ்சருக்கு, ஒன்று வனக்குழுவுக்கு, ஒன்று பேராசிரியருக்கு.

ரேஞ்சர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "போன ஆளு போயாச்சு. இதை இப்பக் கொடுத்து ஒங்களுக்கும் கெட்ட பேரு, எங்களுக்கும் கெட்ட பேரு. விட்டுடலாமேம்மா."

"அவங்க பேர்ல திருட்டுன்னு இருக்கு சார். அது போகணும்."

"அது என்ன, கடிதத்துல மே 27-ல தெரிய வந்ததுன்னு போட்டிருக்கீங்க?"

"அன்னைக்குத்தான் சார் உறுதியாச்சு."

தலையாட்டிவிட்டு முத்திரை வைத்துக்கொண்டார். குறிப்பைத் திருத்துவதாகவும், டீக்கடையில் ஒட்டுவதாகவும் சொன்னார். பக்கத்தில் நின்ற மொக்கச்சாமி என்னைப் பார்க்கவில்லை.

ஜூன் 4

மஞ்சள்-வெள்ளையின் குஞ்சுகள் கூட்டைவிட்டு இறங்கிவிட்டன. பறக்கத் தெரியாது. வால் முளைக்காமல், உடம்பெல்லாம் பழுப்புப் புள்ளியோடு, பெரணிக்கு அடியில் ஒன்றும் வேருக்கு அடியில் ஒன்றுமாகப் பதுங்கியிருந்தன. தாய் ஒன்றுக்கும் தகப்பன் ஒன்றுக்கும் பங்குபோட்டு ஊட்டுகின்றன. அவர் பாட்டை நிறுத்திவிட்டுக் காரியம் பார்க்கிறார், நான் அவரைக் கேலி செய்திருக்க வேண்டாம்.

இந்த வருஷம் என் கண்ணெதிரில் பிழைத்தவை இவை. நான் விலகிக்கொண்டதால் பிழைத்தவை. பார்த்துக்கொண்டே அழுதேன். குருவிக்காக அல்ல.

ஜூன் 6

சடையாண்டியைப் பார்க்கப் போனேன். மொக்கச்சாமி தெருமுனையில் நின்றுகொண்டார், வீட்டுக்கு வரவில்லை.

ஒற்றை அறை. சுவரோரம் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யாத முகம். அடுப்பு எரியவில்லை, பக்கத்து வீட்டுத் தூக்குச்சட்டி ஒன்று மூடியபடி இருந்தது. என்னை யார் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. "குருவியம்மாவா, உக்காருங்க" என்றார். அவள் சொல்லிச் சொல்லி அவருக்கும் அந்தப் பேர்தான் வந்திருக்கிறது. நான் நின்றுகொண்டே கடிதத்தின் நகலைப் படித்தேன். காக்கை, ரிப்பன், வெள்ளத்தாய் எதையும் தொடவில்லை என்பது, எல்லாம் படித்து முடித்தேன். என் தப்பு, மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாயில்லை என்றும் சொன்னேன்.

அவர் அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டுவார் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம்.

"காக்கான்னு எப்பம்மா தெரிஞ்சது ஒங்களுக்கு?"

"இருபத்தேழாம் தேதி உறுதியாச்சுங்க."

"அவ போயி நாலு நாளுக்கப்புறம்."

"ஆமா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அந்தக் கணக்கில் அவருக்கு ஏதோ ஒரு நிம்மதி தெரிந்தது. நடந்தது நடந்துவிட்டது, யாராலும் தடுத்திருக்க முடியாது என்கிற மாதிரி. அதோடு எழுந்து வந்திருக்கலாம். கடிதத்திலும் அந்தத் தேதிதான் இருக்கிறது, முத்திரையும் விழுந்துவிட்டது. கதவுவரை வந்துவிட்டேன்.

திரும்பிப் போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"உறுதியானதுதான் இருபத்தேழுங்க. காக்கா எடுத்ததைக் கண்ணால பாத்தது பன்னெண்டாம் தேதி. அன்னைக்கே எனக்குத் தெரியும்."

அவர் என்னையே பார்த்தார். உதடு எதையோ எண்ணியது.

"பன்னெண்டா? ஞாயித்துக்கெழம."

"ஆமா."

"அன்னைக்கு அவ வீட்லதாம்மா இருந்தா" என்றார். "பதினேழாம் தேதி வரைக்கும் எந்தக் காட்டுக்கும் போகல. குருவியம்மா படிச்சவுக, நாலு நாள்ல அவுகளே கண்டுபிடிச்சுக் கூப்பிட்டு அனுப்புவாகன்னு வாசல்லயே உக்காந்திருந்தா."